மூன்றாவது வரி

என் வீட்டுக்காரர் ஹைக்கூ கவிஞர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவருடைய அப்பா, பையன் கம்ப்யூட்டர் இன்ஜினியர், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, கவிதை மட்டும் எழுதுவான் என்று சொல்லிவைத்தார். எங்கப்பா அந்தக் கடைசிச் சங்கதியைக் கேட்டு லேசாக முகம் சுளித்தார். அமெரிக்காவில் வேலை என்றதும் கவிதையை மன்னித்துவிட்டார். நிச்சயம் முடிந்த கையோடு அவருடைய புத்தகம் எனக்கு வந்து சேர்ந்தது. பக்கத்துக்கு மூன்று வரி, மீதியெல்லாம் வெள்ளைத் தாள். இவ்வளவு தாளை வீணடித்திருக்கிறாரே, குடித்தனம் எப்படி நடத்துவார் என்று அம்மா கவலைப்பட்டாள்.

அந்த நாளில் கோயம்புத்தூர்ப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு ஹைக்கூ கவிஞர் மேல்தான் விழ வேண்டும். மரபு வராதவர், நீளமாக எழுதப் பொறுமை இல்லாதவர், காதலில் தோற்றவர் எல்லாரும் மூன்று வரி எழுதினார்கள். முதல் இரண்டு வரியும் சும்மா வந்து நிற்கும். மூன்றாவது வரியில் ஒரு போடு போட வேண்டும். அதுதான் ஹைக்கூ என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்திலேயே ரொம்பப் பேர் வாங்கியது இது:

ரேஷன் கடை வரிசை
முதல் ஆளாய்
நிற்கிறது பசி

கவியரங்கத்தில் இதைச் சொன்னால் கூட்டம் "ஒன்ஸ் மோர்" என்று கத்தும். அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து, இன்னும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். மூன்றாவது வரியைக் கூட்டமே சேர்ந்து சொல்லும். கல்யாணமான புதிதில் முன்வரிசையில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தொண்ணூற்றேழில் ஃப்ரீமான்ட் வந்தோம். அவருக்கு சான் ஹோசேயில் வேலை. எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. காலையில் அவர் ஃப்ரீவே ஏறிப் போய்விட்டால் சாயங்காலம் வரை நானும் அபார்ட்மென்ட்டும்தான். மௌரி அவென்யூ கடைக்கு நடந்து போய் முருங்கைக்காய் வாங்கி வந்தால் அதுவே பெரிய ஊர்சுற்றல். மறு வருஷ ஆரம்பத்தில் நாள் தள்ளிப்போனதும்தான் எனக்கு அந்த ஊரே கொஞ்சம் பிடித்துப்போனது.

மே மாதம், எனக்கு ஐந்தாம் மாதம் முடியப்போகிற சமயம். ஸ்கேன் எடுத்த பெண் அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவள், பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். அவள் போன வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வலி வருவதற்கு மருந்து கொடுப்போம், பெற்றுத்தான் ஆக வேண்டும் என்றார்கள். பெற்றேன். நர்ஸ் பக்கத்தில் வந்து, பார்க்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, திரும்பிப் பார்த்தால் இவர் அறையில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, கையில் ஒரு காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தார். பெற்ற பிள்ளை போன நேரத்தில் இந்த மனுஷனுக்குக் காப்பி கேட்கிறது பார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதெல்லாம் பேசினார். விசா நீட்டிப்பு, இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடுமா நிற்காதா, எந்தக் கடையில் பொன்னி அரிசி நயம், எல்லாம் பேசினார். எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தார், துணி துவைத்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குழந்தை என்று ஒன்று இருந்ததாகவே அவர் வாயில் வரவில்லை. மேடையில் மைக்கைப் பிடித்தால் ஊர்ப் பசி, ஊர் வறுமை எல்லாவற்றுக்கும் மூன்று வரி வைத்திருக்கிற ஆள், தன் பிள்ளைக்கு ஒரு வரி கூடவா இல்லாமல் போய்விட்டார்? நான் காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஜூலையில் ஒரு நாள் வெயிலுக்கு ஒதுங்க லைப்ரரிக்குப் போனபோது அறிவிப்புப் பலகையில் ஹைக்கூ என்று இருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை, யார் வேண்டுமானாலும் வரலாம், காசு கிடையாது. அட, என்னிடமேவா என்று எனக்குள் ஒரு நக்கல். ரேஷன் கடைக் கவிதையை இங்கிலீஷில் மாற்றி எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளைக்காரர்களுக்கு நம்ம சரக்கைக் காட்டலாம் என்றுதான்.

ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரிட்டயரான தபால்காரர் ஒருவர் கூட்டத்தை நடத்தினார். அங்கே ஒரு வழக்கம். கவிதையைச் சீட்டில் பேர் போடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டுகளைக் கலைத்துப் போடுவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துத் தங்கள் கையெழுத்தில் படி எடுப்பார்கள், யார் எழுதியது என்று எழுத்தை வைத்துக்கூடக் கண்டுபிடிக்கக் கூடாதாம். அப்புறம் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து வாசிப்பார்கள். வாசிக்கப்பட்ட பிறகுதான் எழுதியவர், அது என்னுடையது என்று வாயைத் திறக்கலாம். ஜப்பானில் இப்படித்தான் செய்வார்களாம். நம்ம ஊரிலோ கவிஞரைப் பற்றித் தலைவர் கால் மணி நேரம் பேசி முடித்த பிறகுதான் கவிதையே வெளியில் வரும்.

ரேஷன் கடையை ஒருத்தர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. கடைசியில் தபால்காரர் பாவம் பார்த்து அதை எடுத்து, இது எந்தப் பருவம் என்று கேட்டார். பசிக்கு ஏது பருவம் என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன், நான் கொண்டுவந்தது என்பதும் வெளியே வந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த ஜப்பானியப் பெண்மணி, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், அப்படியானால் இது தேர்தல் போஸ்டர் என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. வீடு வரை நடந்து வந்த வழியெல்லாம் அவளைத் தமிழில் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் எனக்கு அவர் மேல் இரக்கம் இருந்தது.

அடுத்த மாதமும் போனேன். ஏன் என்றால், அந்த ஊரில் விசேஷம் ஏதாவது உண்டா என்று என் வயிற்றைப் பார்க்காத ஏழெட்டுப் பேர் அவர்கள்தான். எங்கள் பக்கத்து பில்டிங் ஆன்ட்டி ஒருத்தி இருந்தாள், நல்லவள், மதுரைக்காரி. பார்க்கிற போதெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் கேட்பாள். ஊரில் அம்மா வீட்டுக்குத் தவிர நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, அதனால் அவள் மேல் தப்பில்லை.

அந்த ஜப்பானியப் பெண்மணியின் குடும்பம் பூச்செடி நர்சரி வைத்திருந்தது. அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சங்கதிகள் வரும், அதுவும் எரிச்சலோடு. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் ஹைக்கூ என்று தனியாக ஒன்று இல்லையாம். பத்துப் பேர் கூடி உட்கார்ந்து சங்கிலியாகக் கவிதை கட்டுவார்களாம். விருந்தாளி முதல் மூன்று வரியைச் சொல்வார், அன்றைய பருவத்தைத் தொட்டு, வீட்டுக்காரருக்கு வணக்கம் வைக்கிற மாதிரி. வீட்டுக்காரர் இரண்டு வரியில் பதில் சொல்வார். அதற்கு இன்னொருவர் மூன்று வரி. இப்படியே போகும். நாளாக ஆக அந்த முதல் கண்ணிக்கு மட்டும் மவுசு கூடி, நூறு வருஷத்துக்கு முன்னால் காசநோயில் படுத்துக்கிடந்த ஓர் இளைஞர் அதைச் சங்கிலியிலிருந்து அறுத்துத் தனியாக நிறுத்தி, ஹைக்கூ என்று பேரும் வைத்தாராம். அப்படியானால் இது முதலில் பேச்சும் பதில் பேச்சுமாக இருந்ததா என்று கேட்டேன். ஆமாம், எப்போதும் யாராவது பதில் சொன்னார்கள் என்றாள். இப்போது இது பதிலுக்குக் காத்துக்கொண்டு தனியாக நிற்கிறது என்றும் சொன்னாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

பதினேழு ஒலி, நடுவில் நிறுத்தி இரண்டாகப் பிரிக்கிற ஒரு வெட்டு, பருவத்தைச் சொல்ல ஒரு சொல். ஒலிக் கணக்கைப் பற்றி இங்கிலீஷில் அவ்வளவு கறாராக இல்லை. வெட்டும் பருவமும்தான் முக்கியம். பருவச் சொற்களுக்கென்றே அகராதி வைத்திருந்தாள். தவளை வசந்தம், எறும்பு கோடை, அந்த மாதிரி. நம்ம ஆட்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பூவும் பறவையும் பொழுதும் வைத்துக்கொண்டு மனசில் இருப்பதைச் சொல்லாமல் சொன்னவர்கள்தானே என்று நான் கொஞ்சம் ஜம்பமாகச் சொன்னேன். அப்புறம் எதற்கு ரேஷன் கடை என்றாள். கிழவிக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

இரண்டாம் உலகச் சண்டை நடந்த வருஷங்களில் அமெரிக்காவிலிருந்த ஜப்பானியக் குடும்பங்களைப் பிடித்துப் பாலைவனத்தில் முகாம் போட்டு அடைத்திருந்தார்கள். அவள் அப்போது சின்னக் குழந்தை. அங்கேயும் பெரியவர்கள் கூடி ஹைக்கூ எழுதினார்களாம். புழுதிக் காற்று, தகர அடுப்பு, யாரோ பாத்தி கட்டி வளர்த்த பூசணி. அவளுடைய அப்பா எழுதிய எதிலும் முள்வேலி வராது என்றாள். ஏன் என்று கேட்டேன். அதைத்தான் நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தாரே என்றாள். அன்றைக்கு அவளைத் திட்டாமல் வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பரில், பிறந்திருக்க வேண்டிய வாரம் வந்தது. நான் விடிந்ததிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்க்கிங்கில் காருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். மத்தியானம் உள்ளே வந்து, கை கழுவ சோப்பு எங்கே என்று கேட்டார். அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். பொங்கல் முடிந்ததும் ஊருக்குப் போவது. அதற்குள் இந்த மனுஷன் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி வருவது, சொல்லாவிட்டால் அங்கேயே இருந்துவிடுவது. இதை அவரிடம் சொல்லவில்லை. கேட்டு வாங்குகிற வார்த்தை யாருக்கு வேணும்? டிக்கெட்டை அவர்தான் போட்டுக் கொடுத்தார். ரிட்டர்ன் எப்போது என்று கேட்டார். தேதி ஓப்பனாக இருக்கட்டும் என்றேன். சரி என்றார், அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் கூட்டத்தில் எனக்கும் ஜப்பானியப் பெண்மணிக்கும் பெரிய சண்டை வந்தது. நிலா என்று வெறுமனே சொன்னால் அது இலையுதிர் காலம்தான், அகராதியில் அப்படித்தான் இருக்கிறது, வேறு மாதத்து நிலா என்றால் மாதத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். இது என்ன அக்கிரமம்? எங்கள் ஊரில் நிலா பன்னிரண்டு மாதமும் வரும், அது எந்தக் காலத்துக்கும் சொந்தமில்லை, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவளுக்குச் சொந்தம், இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அதைக் காட்டித்தான் வாயைத் திறக்கச் சொல்வோம் என்று நான் கத்திக்கொண்டே போனேன். இடுப்பில் என்று சொன்ன இடத்தில் என் கை தானாக இடுப்புக்குப் போனது. கத்துவதை விட்டு, கையை இழுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள்தான், அதை எழுது, ஆனால் குழந்தையை எடுத்துவிட்டு எழுது என்றாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கவிதைக்குத்தான் சொன்னாள். எனக்கு அவளை அடிக்கலாம் போல இருந்தது. பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

எழுதவும் எழுதினேன், எடுத்துவிட்டுத்தான். அந்தக் கலை எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. வீட்டிலும் அதையே செய்துகொண்டிருந்தேன். அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் இரண்டை விட்டேன். கவிதையில் விட்டதை அந்த ஏழெட்டுப் பேர் எப்படியோ கண்டுபிடித்தார்கள். வீட்டில் விட்டதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை.

வீட்டில் சண்டை என்று வந்தால் ஹைக்கூவைப் பற்றித்தான் வரும். நான் ஃப்ரீமான்ட்டுக்கென்று தமிழில் ஒரு பருவ வரிசை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன். மலை காய்ந்து மஞ்சளாகிற மாதம், தக்காளி மாதிரி ஆரஞ்சாக இருக்கிற சீமைப் பனிச்சைப்பழம் பழுக்கிற மாதம், முதல் மழை. என்ன இது பஞ்சாங்கமா என்று அவர் கேலி பண்ணினார். அதென்ன முதல் மழைக்கு மட்டும் தனி மரியாதை என்று கேட்டார். இங்கே கோடை பூராவும் ஒரு சொட்டு விழாது, நவம்பரில் விழுகிற அந்த முதல் மழைதான் கணக்கு என்றேன். உங்கள் லைப்ரரி ஹைக்கூ உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது, படித்தால் சுரீர் என்று இருக்க வேண்டாமா என்பார். சுரீர் என்று இருக்க அது என்ன ஊசியா என்பேன். இதில் மட்டும் இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. உண்மையில் எதைப் பற்றிச் சண்டை போட்டோம் என்று இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

முதல் மழை வந்தது. அந்த மாதக் கூட்டத்துக்கு அதுதான் தலைப்பு. நான் ரோட்டில் எண்ணெய் மிதந்து கலர் கலராகத் தெரிவதைப் பற்றி எழுதினேன். யாரும் எடுக்கவில்லை, எடுத்திருந்தால்தான் ஆச்சரியம். டிசம்பரில் நான் போகவே இல்லை. பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

பொங்கல் விழா ஒரு ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்தில். குழந்தைகள் டான்ஸ், பட்டிமன்றம் எல்லாம் முடிந்து கடைசியில் கவியரங்கம். தலைப்பு மழை. எனக்கு அடுத்த புதன்கிழமை ஃப்ளைட். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மதுரை ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் அவரைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. தலைமை தாங்கியவர், சொற்சிக்கனச் செம்மல் அது இது என்று நீட்டி முழக்கி அவரை அழைத்தார்.

முதலில் பழைய சரக்கு. குடை விற்பவன் வீடு ஒழுகுகிற மாதிரி ஒன்று, அணைக்கட்டைப் பற்றி ஒன்று. கூட்டம் கைதட்டியது. ஒன்ஸ் மோர் கேட்டார்கள், சொன்னார். கூட்டம் நல்ல சூட்டில் இருந்தது. அப்புறம் கடைசியாக ஒன்று என்று சொல்லி, கையில் தாள் கூட இல்லாமல் சொன்னார்:

முதல் மழை
இன்னும் இடப்புறமே ஒருக்களித்துப் படுக்கிறாள்
பிள்ளையில்லாத் தாய்

எனக்கு முதலில் புரியவே இல்லை. வயிற்றில் இருக்கிறபோது இடப்பக்கமாகவே ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தாள். வளர்ந்த நாள் முழுக்க மல்லாந்து படுத்தே பழகிய நான், அதற்காகக் கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்டேன். இத்தனை மாதமாகியும் நான் இன்னும் அப்படித்தான் படுக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. அங்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். இதைத் தெரிந்து வைத்திருக்கிறவர் எத்தனை நாள் தூங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க வேண்டும்?

அதை முழுசாக நினைத்துப் பார்ப்பதற்குள் கூட்டம் ஓ என்று கத்தியது. கைதட்டல், விசில். ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர். மதுரை ஆன்ட்டி கைதட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பியவள், என் முகத்தைப் பார்த்ததும் தட்டுகிற கையை நிறுத்திவிட்டாள். அப்படியே என் கைமேல் அவள் கையை வைத்தாள். நான் உதறிவிட்டேன். அவமானத்தில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த ஊரில் யாரிடமும் சொல்லாத ஒன்றை மைக் போட்டுச் சொல்லிவிட்டார். என்னிடம் சொல்ல மாட்டாராம், ஊருக்குச் சொல்வாராம். அதுவும் எப்படி, மூன்றாவது வரியில் ஒரு போடு வைத்து.

கூட்டம் விடவில்லை. அவர் தண்ணீர் குடித்தார். முதல் மழை என்றார். இரண்டாவது வரியையும் சொன்னார், எப்போதும் போல நிறுத்தி நிதானமாக. கூட்டம் மூன்றாவது வரியைச் சேர்ந்து சொல்லக் காத்திருந்தது. அவர் சொல்லவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். மைக்கிலிருந்து கொர்ரென்று சத்தம் மட்டும் வந்தது. பின்னால் யாரோ எடுத்துக் கொடுப்பதற்காக அந்த வரியைக் கத்தினார்கள். இவர் இல்லை என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்கிவிட்டார். கவிஞருக்கே மறந்துபோகிற அளவுக்குக் கவிதை ஆழமாக இருக்கிறது என்று தலைவர் சமாளித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

காருக்கு வந்து ஏறினோம். அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். யாரைக் கேட்டு அதை மேடையில் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் படுக்கையை ஊருக்குக் காட்டிக் கைதட்டு வாங்கணுமா, உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். எட்டு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னை விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனவர்தானே நீங்கள் என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே இருந்தார். காப்பிக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார்.

"எழுதறப்ப சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டாந்தடவை சொல்லப் போறப்பத்தான் அது பொய்னு தெரிஞ்சுது. அதான் வாய் வரலை."

"என்ன பொய்?"

"பிள்ளையில்லாத தாய்னு எப்படிச் சொல்றது? பிள்ளை இருந்துச்சே. நான் பார்த்தேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். நர்ஸ் கேட்டபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதும், அவள் அதே கேள்வியை அவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் அவள் பின்னாலேயே எழுந்து போயிருக்கிறார். பக்கத்து அறையில் ஒரு சின்னப் போர்வையில் சுற்றி அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று சொன்னார்களாம். அதற்கப்புறம் நேராக என்னிடம் வர அவருக்குத் தைரியம் இல்லை. கையில் எதையாவது பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று இருந்ததாம், அங்கே மெஷினில் காப்பிதான் இருந்தது. குடிக்கவில்லை. நீ பார்க்க மாட்டேன்னு திரும்பிக்கிட்ட, அப்புறம் நான் பார்த்தேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது என்றார். நீயாகக் கேட்டால் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் இருந்தாராம். நானும் அவராகச் சொல்லட்டும் என்று ஒவ்வொரு நாளும் இருந்தேன்.

பார்க்கிங்கில் ஜனங்கள் பொங்கல் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு, குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். மதுரை ஆன்ட்டி தூரத்தில் நின்று எங்கள் காரையே பார்த்தாள், கிட்டே வரவில்லை.

"என்ன குழந்தைங்க?"

"பொண்ணு."

அதற்குப் பிறகு நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். முடி இருந்ததா? இருந்தது, லேசாக. கண்? மூடியிருந்தது. விரல் எல்லாம்? எல்லாம் இருந்தது, நகம் கூட. எடை தெரிந்ததா? போர்வை எடைதான் தெரிந்தது. யார் மாதிரி என்று கேட்டதற்கு என் நெற்றியில் விரலை வைத்தார். நான் ஆடிட்டோரியத்தில் அழாததற்கெல்லாம் சேர்த்து அழுதேன். அவரும் அழுதார், அப்பா செத்தபோது கூட அழாத ஆள்.

புதன்கிழமை ஃப்ளைட் ஏறினேன். வர வேண்டாம் என்றோ, சீக்கிரம் வா என்றோ அவர் சொல்லவில்லை. செக்யூரிட்டிக்குப் போகிற இடத்தில், மாசி கடைசியில் வந்துவிடுகிறேன் என்று நானே சொன்னேன். தலையை ஆட்டினார். கோபம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எட்டு மாதம் எனக்குச் சேர வேண்டிய பிள்ளையை அவர் தனியாக வைத்துக்கொண்டிருந்தார் என்ற ஆத்திரம் ஃப்ளைட் முழுக்க இருந்தது, இன்றைக்கும் சில நாள் வருகிறது.

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் முதலில் என் வயிற்றுக்குத்தான் போனது, அப்புறம் அவசரமாக முகத்துக்கு வந்தது. மாப்பிள்ளை எப்படி இருக்கார், வேலை எல்லாம் நல்லா இருக்கா என்று ஏதேதோ கேட்டாள். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாருமாகப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நான் டிராலியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தேன்.

"பொண்ணும்மா" என்றேன். "அவர் கையில வாங்கிப் பார்த்திருக்கார்."